பிரசவ வார்டு மிஸ்ஸிக்கு ஒரு பால்குடம்

டுரியான் துங்கால்,
ஞாயிற்றுக்கிழமை

என் அக்கா பெற்று நான் வளர்த்த தேவிஸ்ரீக்கு, மாமா ஹரிதாஸ் கடுங்கோபத்தோடு எழுதுவது. கூச்சிங்கில் நீ சுகமாகத்தான் இருப்பாய், இருக்கவும் வேண்டும். இங்கே உன் அம்மா சுகம், அத்தை சுகம், ஸ்கூல் வேன் சுகம், நான் ஒருவன்தான் சுகமில்லை. என் கோபத்தின் சூட்டில் வீட்டுக் கூரைத் தகரம் நெளிந்துவிட்டது, அதில் உட்கார வந்த காக்கை கால் பொசுங்கி, தஞ்சோங் கிளிங் கடல் வரைக்கும் பறந்துபோய் காலை நனைத்துவிட்டு வந்ததாக எங்கள் தாமான் வீடுகள் முழுக்கப் பேச்சு. நான் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் ஒன்றையும் நீ கேட்கவில்லை. போன் அடித்தால் டியூட்டியில இருக்கேன் மாமா, அப்புறம் பேசறேன் என்கிறாய். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. அதனால்தான் காகிதத்தில் எழுதி முறுக்கு டின்னுக்குள் மேலாக வைத்து அனுப்புகிறேன். இதை எடுக்காமல் முறுக்கில் கை வைக்க முடியாது, முடிந்தால் வைத்துப் பார்.

பிரசவ வார்டு வேண்டாம், கண் வார்டுக்கு மாற்றிவிடுங்கள் என்று மேட்ரனிடம் போய் நின்றாயாமே. உன் அம்மா ஏதோ நல்ல சேதி போலச் சொன்னாள். எனக்குக் கையிலிருந்த தே தாரிக் டீ தானாகவே இன்னொரு தடவை கொதித்தது. நீ நர்சிங் முடித்து மிஸ்ஸியான பிறகு இந்தத் தீபகற்பத்தில் எந்த ஆஸ்பத்திரிக் கதவைத் தட்டாமல் விட்டாய்? எல்லாரும் பார்த்துச் சொல்றோம் என்றார்கள், பார்க்கவுமில்லை, சொல்லவுமில்லை. கடைசியில் கடலைத் தாண்டி வேலை கிடைத்தது, அதுவும் நீ ஆசைப்பட்ட பிரசவ வார்டே கிடைத்தது. அன்றைக்கு நான் அடித்த ஹாரனில் நம் ஊர் அணைக்கட்டுத் தண்ணீர் அலையடித்தது, வேனில் இருந்த பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு அங்கிள் போதும் அங்கிள் என்று அழுதார்கள். முதல் டியூட்டி முடிந்ததும் பெற்ற தாயைக்கூட விட்டுவிட்டு எனக்குத்தானே போன் போட்டாய்? மாமா, குழந்தையைத் துடைச்சு, துணியில சுத்தி, அவங்கம்மா நெஞ்சு மேல வெச்சேன், அது என்னைத் திட்டற மாதிரியே பார்த்துச்சு, அச்சு அசல் உங்க மூஞ்சி என்றாய். அதை நான் மீ கோரெங் கடைக்காரர் முதல் வேனுக்குப் பெட்ரோல் ஊற்றும் பையன் வரைக்கும் சொல்லி முடித்தாகிவிட்டது. இப்போது போய் அவர்களிடம் என் மருமகள் கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுகிறாள் என்று நான் சொல்ல வேண்டுமா? கண் வார்டு மட்டமில்லை தாயே, அங்கே ஆசைப்பட்டுப் போகிறவள் போகட்டும். நீ பயந்து போகிறாய், அதுதான் எனக்கு ஆத்திரம்.

பயத்தைக் கிளப்பியவன் நம் கோயில் செயலாளர் சுப்பன். வேலை கிடைத்தால் திருவிழாவுக்குப் பால்குடம் எடுக்கிறேன் என்று நீ மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டாய் அல்லவா, உன் அம்மா பெயர் கொடுக்கப் போயிருக்கிறாள். அக்கா, பொண்ணு லேபர் ரூம்ல வேலை செய்யுதாமே, தினமும் பிள்ளைப்பேறு தீட்டு படற கையாச்சே அது, அந்தக் கையால பால்குடம் தொடக்கூடாது, வேற வார்டுக்கு மாறட்டும், பேரை எழுதிக்கறேன் என்றானாம் அந்த மகாராசா. என் அக்கா கலைமகள் யார்? ஆஸ்பத்திரி கேண்டீனில் கறி தாளித்து உன்னைப் படிக்க வைத்தவள், புலி எதிரே வந்தால் அதற்கும் சோறு வேண்டுமா என்று கேட்பவள். அவள் தீட்டு என்ற ஒரு சொல்லுக்கு நடுங்கிப்போய் உனக்குப் போன் போட, நீயும் சரிம்மா, மாத்திக்கறேன்மா என்று சொல்லிவிட்டாய். சுப்பன் மேல் எனக்குக் கோபம் ஒரு லோரி. அக்கா மேல் ரெண்டு லோரி. உன் மேல் இருக்கிற கோபத்தை ஏற்ற மலாக்காத் துறைமுகத்துக்குக் கப்பல்தான் வர வேண்டும்.

சரி, மாமன் சும்மா இருப்பானா? வெள்ளிக்கிழமை திருவிழாக் கூட்டத்துக்கு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனேன். சுப்பன் ரதம் புறப்படும் நேரம், தண்ணீர்ப் பந்தல் எல்லாம் வாசித்து முடித்ததும் எழுந்தேன். செயலாளர் அவர்களே, உங்கள் சட்டம் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது, ஆனால் அரைகுறையாக நடத்தாதீர்கள், பிரசவ அறைக்குள் கால் வைத்த யாருமே இந்தத் திருவிழாவில் எதையும் தொடக்கூடாது என்று முழுசாக நடத்துங்கள் என்றேன். அவனும் புரியாமல் தலையை ஆட்டிவிட்டான். முன் வரிசையில் காந்தன் இருந்தான், வருஷா வருஷம் ரதத்தின் வடத்தை முன்னால் நின்று பிடிக்கிறானே, அந்த மலைமாடன். தம்பி, மகள் பிறந்தப்ப நீ எங்க இருந்த என்று கேட்டேன். அவன் வெட்கப்பட்டுக்கொண்டே, உள்ளதான் மாமா, பொண்டாட்டி கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன், அப்படியே மயங்கி விழுந்துட்டேன், மிஸ்ஸிங்க அவளைப் பார்க்கிறதா என்னைத் தூக்கறதான்னு திண்டாடிட்டாங்க என்றான். அப்போ வடத்தைத் தொடாதே என்றேன். பின்னாலிருந்து உறுமி மேளக்காரர் கையைத் தூக்கினார், அவரும் உள்ளே நின்றவராம். அவருக்குப் பின்னால் ஒருவர், அவருக்கும் பின்னால் இருவர். இப்போதெல்லாம் புருஷன்மார்களை உள்ளே விடுகிறார்களே, தாமானில் இருக்கிற இளவட்டம் அத்தனையும் தீட்டு. பெண்கள் பக்கம் கேட்கவே வேண்டாம், மாவிளக்கு மாவு இடிக்கிறவர்கள் எல்லாம் பிரசவ அறைக்குப் படுத்துக்கொண்டே போனவர்கள். கடைசியில் ரதம் இழுக்க மிஞ்சியவர்கள் சுப்பனும், கல்யாணமே ஆகாத வாட்ச்மேன் தாத்தாவும். அந்த நேரம் பார்த்து சுப்பன் வீட்டம்மா கடைசி வரிசையிலிருந்து, என்னங்க, நம்ம சின்னவன் பொறந்தப்ப நீங்களும் உள்ள வந்து வீடியோ எடுத்தீங்களே என்றார்கள் பார். சிரித்த சிரிப்பில் கோபுரத்துச் சிலைகளே வாயைப் பொத்திக்கொண்டன.

அவனா அடங்குகிறவன்? நாங்க எல்லாம் ஒரு நாள் போனவங்க, அந்தப் பொண்ணு தினமும் போகுது என்றான். அப்போதுதான் எனக்கு நிஜமாகவே வந்தது கோபம், விளையாட்டெல்லாம் ஓடிப்போய்விட்டது. தினமும் போகிறவள் இல்லையென்றால் நீ போன அந்த ஒரு நாள் உன் பெண்டாட்டிக்கும் பிள்ளைக்கும் என்னடா ஆகியிருக்கும் என்று கத்தினேன். பூசாரிதான் குறுக்கே வந்தார். விரதம் இருந்து, தலைக்குக் குளிச்சுட்டுத்தானேப்பா எல்லாரும் குடம் எடுக்கிறாங்க, அந்தப் பிள்ளைக்கு மட்டும் மாரியம்மா தனிச் சட்டம் போட்டாளா, பேரை எழுது என்றார். எழுதினான், வேப்பெண்ணெய் குடித்த முகத்தோடு. இப்போது சுப்பன் என்னோடு பேசுவதில்லை. பேசாவிட்டால் போகட்டும், காதுக்கு ஓய்வு.

உன் அம்மாவும் என்னோடு பேசவில்லை, சபையில் மானத்தை வாங்கிட்டேனாம். ஆனால் மறுநாள் காலையில் நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, பின்கட்டில் உட்கார்ந்து பித்தளைக் குடத்துக்குப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மலாக்காவுக்குப் பஸ் ஏறிப்போய் மஞ்சள் சேலையும் எடுத்தாகிவிட்டது, பார்டர் கொஞ்சம் பச்சை, பிடிக்கவில்லை என்றால் மூச்சு விடாதே. அத்தைக்கு மூட்டுவலி குறைந்திருக்கிறது, குறைந்த வேகத்துக்கு ஏச்சு கூடியிருக்கிறது. வேனில் ஏர்கோன் செத்துப்போய்ப் பிள்ளைகள் எல்லாம் அவித்த கிழங்காக இறங்குகிறார்கள். நீ வேளைக்குச் சாப்பிடு. மேகி மீ சோறாகாது. நின்று நின்று கால் வீங்கினால் உப்புத் தண்ணீரில் ஊற வை, மிஸ்ஸிக்கே வைத்தியம் சொல்கிறான் பார் என்று சிரிக்காதே, நான் இன்னும் கோபத்தில்தான் இருக்கிறேன்.

போன மாதம் நீ ஒரு படம் அனுப்பினாய், நினைவிருக்கிறதா? அந்த ஊர் இபான் இனத்துப் பெண் ஒருத்தி, புருஷன் படகில் வந்துகொண்டிருக்கிறான், பக்கத்தில் யாருமில்லை, வலியில் உன் கையைப் பிடித்தவள் பிள்ளை வரும்வரைக்கும் விடவே இல்லை என்று சொல்லி, நகம் பதிந்த கையைப் படம் எடுத்து, பாருங்க மாமா என் முதல் மெடல் என்று எழுதியிருந்தாய். அந்தப் படம் இன்னும் என் போனில் முகப்பில் இருக்கிறது, கூட்டத்தில் சுப்பனிடமும் அதைத்தான் நீட்டினேன், பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் திருப்பிக்கொண்டது போகட்டும். அந்தக் கையைத் தீட்டு என்று நீயும் நம்பிவிட்டாயா தேவி? இதைக் கேட்கத்தான் இவ்வளவு நீளமாக எழுதினேன், மற்றதெல்லாம் முறுக்கோடு வந்த கொசுறு.

மேட்ரன் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்று உன் அம்மா சொன்னாள். இது கைக்கு வந்த அன்றே போய் மாற்றல் வேண்டாம் என்று சொல்லிவிடு. சொல்லிவிட்டுத் திருவிழாவுக்கு வா, விமான நிலையத்துக்கு வேனோடு வந்து நிற்பேன், ஹாரன் அடித்தே உன்னைக் கூட்டிவருவேன். சொல்லாமல் கண் வார்டு மிஸ்ஸியாக வந்தாயோ, சுப்பன் உன்னைத் தடுக்க மாட்டான், சிரித்துக்கொண்டே மாலை போடுவான். நான் தடுப்பேன். கோயில் வாசலில் வேனைக் குறுக்கே நிறுத்திச் சாவியை வாய்க்காலில் எறிந்துவிடுவேன். பயந்துபோன கையில் அந்தக் குடத்தை நான் தூக்கிக் கொடுக்க மாட்டேன், இது உன்னை வளர்த்தவன் வாக்கு.

மாரியம்மன் உன் கையையும், அந்தக் கையைப் பிடிக்கிறவர்களையும் காப்பாற்றட்டும். அம்மாவும் அத்தையும் ஆசி சொல்லச் சொன்னார்கள். முறுக்கு டின் அத்தையுடையது, வரும்போது மறக்காமல் கொண்டு வா, இல்லையென்றால் எனக்குச் சோறு கிடையாது.

இப்படிக்கு,
டுரியான் துங்கால் ஸ்கூல் வேன் சாம்ராஜ்யத்தின் சக்கரவர்த்தி,
இன்னும் கோபம் தணியாத உன் மாமா,
ஹரிதாஸ்