டீக்கறைக் குளம்

என்னங்க,

"மனையை வித்துடு" என்று உங்கள் அக்காவிடம் சொல்லியனுப்பினீர்கள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நாம் முதன்முதலில் பென்சிலில் கிறுக்கிய வீட்டுப் படத்தை ஆர்க்கிடெக்ட் பெண்ணிடம் கொடுத்துவிட்டேன்.

ஒரு வேடிக்கை கேளுங்கள். படத்தில் தோட்டத்தின் மேல் டீ தம்ளரை வைத்தீர்களே, நான்கூடக் கத்தினேனே, அந்த வட்டக் கறையைக் குளம் என்று நினைத்து அவள் அழகாக வரைந்து வந்திருக்கிறாள். "குளத்தச் சுத்தி நடைபாதை போட்டுரலாமா மேடம்?" என்றாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "போடும்மா" என்றேன்.

வாசலில் நீங்கள் ஆசையாக வரைந்த படிகளை மட்டும் அழிக்கச் சொன்னேன். அங்கே சரிவுதான். "படி இல்லன்னா வாசல் மொட்டையா இருக்குமே" என்று மேஸ்திரி இழுத்தார்.

"இருந்துட்டுப் போகட்டும்."

நேற்று தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். ஆஸ்பத்திரியில் கொடுத்தபோது நீங்கள் தொடவே மாட்டேன் என்ற சக்கர நாற்காலியை மனைக்குக் கொண்டுபோய், நானே உட்கார்ந்து குளத்தைச் சுற்றி உருட்டிப் பார்த்தேன். ஒரு திருப்பத்தில் மட்டும் சக்கரம் கோட்டைத் தாண்டியது. அங்கே பாதையை அகலமாக்கச் சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை அக்கா வீட்டுக்குக் கார் அனுப்புகிறேன். நாற்காலி மனையில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
தம்ளருக்காகக் கத்தியவள்