காதைத் தொட்ட கை

இன்று காலை என் மகளைப் பள்ளியில் சேர்க்கப் போனேன். தலைமையாசிரியர் அவளைக் கூப்பிட்டு, வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொன்னார். உடனே உன் ஞாபகம் வந்துவிட்டது. ஊத்துக்கோட்டைப் பக்கத்து நம் பள்ளியில், மூக்கு ஒழுக நின்றுகொண்டு, காதை முழுசாகப் பிடித்து இழுத்துக் காட்டியவன் அல்லவா நீ!

அன்று உனக்கு நான்கு வயது, எனக்கு ஆறு. உன் நெட்டைக் கையைப் பார்த்து ஆறு என்று எழுதிக்கொண்டார்கள். என் குட்டைக் கை காதுக்கு எட்டியும் எட்டாமலும் நின்றதால் எனக்கு ஐந்து. "இனிமே நீ எனக்குத் தம்பிடா" என்று வருடக்கணக்கில் கேலி செய்தாய்.

எட்டாவதோடு படிப்பை விட்டு இருவரும் அரிசி ஆலையில் மூட்டை தூக்கினோம். ஆலையை மூடிவிட்டார்கள். வேலையில்லாமல் ஒரு வருடம் திரிந்தோம். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் அட்டையைப் புதுப்பிக்கப் போன நீ, ஒரு நாள் ஓட்டமாகத் திரும்பி வந்தாய்.

"டேய், ஃபிட்டர் படிக்கலாம்டா. படிக்கிறதுக்கு கவர்மெண்டே மாசாமாசம் டப்பு குடுக்குதாம்!"

"இத்தினி வயசுக்கு மேல இன்னாடா படிப்பு?" என்றேன் நான். அப்படியும் விடாமல் என் விண்ணப்பத்தையும் நீயே நிரப்பினாய்.

திருவள்ளூர் தொழிற்பயிற்சி நிலையத்தில் சான்றிதழ்களைச் சரிபார்த்த குமாஸ்தா உன் தாளைத் தள்ளி வைத்தார். "இருவத்தஞ்சு தாண்டிச்சேப்பா. சேத்துக்க முடியாது."

"சார், அது ஸ்கூல்ல சும்மா போட்டது. எங்க ஊரு ஏரி ஒடைஞ்ச வருசந்தான் நான் பொறந்தேன். இதோ, இவனைக் கேளு சார். என்னைவிட இவன் ரெண்டு வயசு பெரியவன்."

குமாஸ்தா என் பக்கம் திரும்பினார். "அப்டியா? நீ பெரியவனா?"

என் தாளும் அவர் கையில்தான் இருந்தது. ஆமாம் என்றால் என் நிஜ வயதும் இருபத்தைந்தைத் தாண்டியது தெரிந்து, என் இடமும் போய்விடும் என்று பயந்தேன். தலையைக் குனிந்துகொண்டேன். நீ என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாய். பிறகு, "இல்ல சார், சும்மா சொன்னேன்" என்று உன் தாளை எடுத்துக்கொண்டாய்.

உதவித்தொகை வாங்கிப் படித்து, கும்மிடிப்பூண்டியில் புதிதாக வந்த ஒரு தொழிற்சாலையில் நான் ஃபிட்டர் ஆனேன். நீ எளாவூரில் லாரிகளுக்கு மூட்டை ஏற்றினாய். ஷிப்ட் முடிந்து வரும்போது பார்த்தால், "இன்னா தம்பி, நாஷ்டா ஆச்சா?" என்பாய். அந்த நாளைப் பற்றி ஒரு தடவைகூட நீ பேசவில்லை. திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். போன மாசியில் மஞ்சள் காமாலை வந்து பத்தே நாளில் போய்விட்டாய்.

என் மகளின் விரல் இன்று காது நுனியைத் தொட்டுவிட்டது. "எட்டுதே, அஞ்சுன்னு போட்டுக்கலாமா?" என்று தலைமையாசிரியர் பேனாவைத் திறந்தார்.

"வேணாம் சார், அவளுக்கு நாலுதான்" என்றேன். அடுத்த வருடம் அழைத்துவரச் சொன்னார். வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தாள். அவளுக்காக உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. உனக்காகச் சொல்லியிருக்க வேண்டிய "ஆமா சார், நான்தான் பெரியவன்" மட்டும் இன்னும் என் தொண்டையிலேயே நிற்கிறது.