சித்தப்பாவுக்கு ஒரு திருத்தம்

அன்பு மகளுக்கு,

இங்கே நானும் என் முழங்கால் வலியும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டு சுகமாகத்தான் இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் கைக்குழந்தையும் நலமாக இருக்க வேண்டும் என்பதுதான் என் நினைப்பெல்லாம். பச்சை உடம்புக்காரி, கண்ணைக் கெடுத்துக்கொண்டு கைபேசியைப் பார்க்காதே என்றால் நீ எங்கே கேட்கிறாய். சித்தப்பா இறந்த செய்தியை, அவன் காலமெல்லாம் நிருபராக இருந்த பேப்பரில் போட்டிருந்ததை நீயும் பார்த்துவிட்டாய். நல்லபடியாகத்தான் எழுதியிருந்தார்கள், கடைசி வரியைத் தவிர. திருமணம் செய்துகொள்ளவில்லை, பிள்ளைகள் இல்லை என்று முடித்திருந்தார்கள். கடைசியாக ஒரு தடவை முகம் பார்க்கவும் உன்னால் வர முடியவில்லை, அதோடு இந்த வரியும் சேர்ந்துகொள்ள போனில் அப்படி அழுதாய். கேட்டால், 'விடுங்கப்பா, சட்டப்படி அதுதானே உண்மை' என்றாய். அதற்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சட்டமாவது மண்ணாங்கட்டியாவது. உன் அம்மா போனபோது உனக்குச் சரியாகப் பேச்சுகூட வரவில்லை. எனக்கோ கப்பலில் இஞ்சின் ரூம் வேலை, ஏறினால் மாசக்கணக்கில் வீட்டைப் பார்க்க முடியாது. 'நீ கிளம்புண்ணே, புள்ளைய நான் பாத்துக்கறேன்' என்றவன் அவன்தான். கோர்ட்டு, முனிசிபாலிட்டி என்று நாயாய் அலைகிறவன், தனக்கே ஒழுங்காகச் சோறு வடிக்கத் தெரியாதவன். பள்ளிக்கூடம் விட்டதும் உன்னை ஸ்கூட்டரில் முன்னால் நிற்கவைத்து ஆபீசுக்குக் கூட்டிப்போவான். பேப்பர் கட்டுகளின் மேலேயே நீ தூங்கிப்போவாய், யூனிபார்ம் முதுகெல்லாம் அச்சு மை ஒட்டியிருக்கும். அவன் பின்னிவிட்ட சடையில் ஒன்று கிழக்கே பார்த்தால் இன்னொன்று மேற்கே பார்க்கும், ஆனாலும் வேறு யாரையும் நீ தலையில் கைவைக்க விட்டதில்லை.

ஒரே ஒருவர் சொன்னதை வைத்து அவன் ஒரு வரி எழுதமாட்டான், இரண்டாவது ஆளும் சொல்ல வேண்டும். வீட்டிலும் அதே கூத்துதான். உனக்கு உடம்பு சுட்டால் தான் தொட்டுப் பார்த்தது போதாதென்று எதிர்வீட்டு அக்காவையும் கூப்பிட்டுத் தொடச் சொல்லி, இரண்டு பேரும் காய்ச்சல் என்ற பிறகுதான் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுவான், ஓடுகிற அவசரத்தில் காலில் செருப்புகூட இருக்காது. நான் முதல் தடவை லீவில் வந்தபோது கை நிறையப் பொம்மையோடு வாசலில் நின்றேன். அவன் உன்னைத் தூக்கிக்கொண்டு வந்து, 'இவருதான் உங்கப்பா' என்றான். நீ என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, 'வேற யாரு சொன்னா?' என்று கேட்டாய். தெருவே சிரித்தது. எதிர்வீட்டு அக்கா வந்து ஆமாம் என்று தலையாட்டிய பிறகுதான் என் கைக்கு வந்தாய். நானும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்துவிட்டு, குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் என் பிள்ளை நல்ல கையில்தான் இருக்கிறாள் என்று அன்றைக்குத்தான் எனக்கு நிம்மதியும் வந்தது.

நேற்று அந்தப் பேப்பர் ஆபீசுக்குப் போய்வந்தேன். மாடிப்படி ஏறுவதற்குள் முழங்கால் உயிரை வாங்கிவிட்டது. அவன் நாற்காலியின் ஒடிந்த கையில் அவன் சுற்றிவைத்த சணல் கயிறு அப்படியே இருக்கிறது, அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். இப்போது செய்தி ஆசிரியராக இருக்கும் பெண்மணி அவனிடம் வேலை பழகியவராம். தப்பாகப் போட்டுவிட்டீர்கள், அவனுக்கு ஒரு மகள் உண்டு, திருத்தம் போடுங்கள் என்றேன். 'போடறோம் சார். ஆனா ஒருத்தர் சொல்லி நாங்க எதையும் போடறதில்ல. அவர் வச்சுட்டுப் போன பழக்கம்' என்றார். பெற்ற தகப்பன் நானே சொல்கிறேன், இதைவிட என்ன வேண்டும் என்று கத்தினேன். கத்தி முடிப்பதற்குள் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது, செத்தும் என்னிடம் சாட்சி கேட்கிறான் பார். வேறு யார் சொன்னால் போடுவீர்கள் என்றதற்கு, 'உங்க பொண்ணு சொல்லட்டும்' என்றார்.

அதனால் இரண்டே வரி எழுதி அனுப்பு. வளர்ப்பு மகள் என்று போடுவதா, மகள் என்றே போடுவதா என்றும் கேட்டார், அதையும் அவளே சொல்லுவாள் என்று வந்துவிட்டேன். என் மனம் நோகுமே என்றுதானே நீ போனில் சட்டம் பேசினாய், எனக்குத் தெரியாதா. எனக்கு ஒன்றும் குறைந்துபோகாது. மகள் என்றே எழுது.

குழந்தையைக் குளிப்பாட்டியதும் தலையை நன்றாகத் துவட்டு. வேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையையும் கொஞ்சம் தூங்கவிடு. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். எழுதுவதை மட்டும் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போடாதே, அவர்கள் இடம் ஒதுக்கிவைத்துக் காத்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
உன் அப்பாக்களில் மூத்தவன்