ஓய்வு நேரம் எண்டா எந்த நேரம்

மட்டக்களப்பு
சித்திரை 28

அன்பு மகள் தனுஷியாவுக்கு,

நீயும் மருமகனும் அந்தக் குளிருக்குள்ள ஒரு குறையும் இல்லாம இருக்கிறீங்க எண்டு நம்பி எழுதுறன், மாமாங்கேஸ்வரர் பார்த்துக்கொள்ளுவார். இஞ்ச நாங்க மூண்டு பேரும் உடம்புக்குச் சுகம், அம்மாட முழங்கால் நோவு மட்டும் அப்படியே கிடக்கு. வேளாண்மை வெட்டு முடிஞ்சுது, இந்தமுறை மழை கெடுக்கல்ல. போன் இருக்க அப்பா ஏன் கடுதாசி எழுதுறார் எண்டு யோசிப்பாய். போனில இந்தக் கதையைத் தொடங்கினாலே எனக்குக் கொதி ஏறுது, அம்மா பிறஷர் எண்டு சொல்லிப் போனைப் பறிச்சு உன்னோட மாங்காய்ச் சம்பல் கதை கதைக்கிறா. அதோட எனக்கு வாயால சொல்ல வராத ஒண்டும் இதுக்குள்ள இருக்கு.

நம்மட வாவிக்கரை மைதானத்தைச் சுத்தி இப்ப ரெண்டாள் உயரத்துக்குக் கம்பி வேலி, கேற், கேற்றில பூட்டு. பிரதேச சபையும் கொழும்புக் கொம்பனி ஒண்டும் சேர்ந்து அரச தனியார் பங்குடைமை எண்டு பேர் வைச்சுக் கட்டின விளையாட்டுத் தொகுதி. காணி ஊருடையது, கட்டினது கொம்பனி, இருபத்தஞ்சு வருசம் நடத்தப்போறதும் கொம்பனி. கட்டினதில நான் குறை சொல்லல்ல புள்ள, லைற், உடுப்பு மாத்திற அறை, கபடிக்கு விரிச்ச றப்பர் மெற், எல்லாம் வடிவாத்தான் செஞ்சிருக்காங்க, திறப்பு விழாவில நானும் வாயப் பிளந்துகொண்டுதான் நிண்டன். ஆனா பின்னேரம் நாலு மணியில இருந்து அது வாடகைக்காரருக்கு. பட்டணத்தில இருந்து கார்ல வந்து பந்தடிக்கிறாங்க, நம்மட பிள்ளைகள் வேலிக்கு வெளிய கம்பியப் பிடிச்சுக்கொண்டு நிக்கிதுகள். ஊர்க் காணியில ஊர்ப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்கவா நாங்க கை உயர்த்தினது?

கை உயர்த்தின கதையச் சொல்றன் கேள். போன வருசம் பள்ளிக்கூட மண்டபத்தில கூட்டம் வைச்சாங்க. விளையாட்டுக் கழகச் செயலாளர் வினாயகமூர்த்தி ஒப்பந்தத்தை என்ட கையில தந்து வாசிக்கச் சொன்னான். முப்பது வருசம் தபால் கந்தோரில இருந்தவன், அரசாங்கக் கடுதாசி எது வந்தாலும் ஊர் என்னட்டத்தானே கொண்டு வாறது. நானும் பெரிய எடுப்பா எழும்பி நிண்டு வாசிச்சன். ஊர்க் கழகங்கள் ஓய்வு நேரங்களில் இலவசமாகப் பாவிக்கலாம் எண்டு அதில இருந்துது. ஆரோ ஒருத்தர் அது எந்த நேரம் எண்டு கேட்டார். இதென்ன கேள்வி, வயலாலயும் பள்ளிக்கூடத்தாலயும் வந்து நாம ஓய்வா இருக்கிற நேரம், பின்னேரம், எண்டு நான் விளங்கப்படுத்தினன். சனம் முழுக்கக் கை உயர்த்திச்சு. இப்ப கேற்றடியில சொல்றாங்க, ஓய்வு நேரம் எண்டா மைதானம் ஓய்வா இருக்கிற நேரமாம், காலம்பற பத்து மணியில இருந்து ரெண்டு மணி வரைக்குமாம். மைதானம் எந்த வயல் வட்டையில வேளாண்மை வெட்டிக் களைச்சுப்போய் ஓய்வெடுக்குது எண்டு கேட்டன், சிரிக்கிறாங்க.

உன்ட தங்கச்சி பிரஷாந்திட கபடி அணிக்கு ஆடி மாதம் மாகாணப் போட்டி, முதல் ஆட்டமே பழுகாமத்துப் பிள்ளைகளோட. வெட்டின வயலுக்குள்ள பழகிப் பார்த்தாங்க, அடிக்கட்டை காலைக் குத்துது. மறுகா என்ன செய்யிற, சனி ஞாயிறில நடு மத்தியானத்தில போய் அந்த மெற்றில பழகிறாங்க. சித்திரை வெயில், றப்பர் தோசைக்கல்லாக் கொதிக்குது. பிரஷாந்தி ரெண்டு கிழமையா வீட்டுக்குள்ளயும் செருப்போட திரிஞ்சாள், அம்மா பிடிச்சு இருத்திக் கழட்டிப் பார்த்தா உள்ளங்கால் ரெண்டிலயும் கொப்புளம். மூண்டு பிள்ளைகளைத் தாய்மார் மறிச்சுப்போட்டாங்க, மிச்சம் எட்டுப் பேர், இன்னும் ரெண்டு பேர் நிண்டுபோனா ஏழு பேருக்குக் குறைஞ்சு அணியே இல்ல. அவள் என்னை ஒரு சொல் குறை சொல்லல்ல மகள். சொல்லியிருந்தா எனக்குச் சோறு இறங்கியிருக்கும்.

போன கிழமை கொம்பனிட முகாமையாளரா இருக்கிற இளந்தாரித் தம்பியைத் தேடிப் போனன். நல்ல மரியாதை, கதிரை தந்து, சோடாவும் தந்து, கூட்டக் குறிப்பை எடுத்து முன்னால வைச்சான். ஒப்பந்தம் திரு. அழகரத்தினத்தால் வாசித்து விளக்கப்பட்டது, ஏகமனதாக ஏற்கப்பட்டது, எண்டு கிடக்கு. நான் என்ன விளக்கினன் எண்டு ஒரு எழுத்தில்ல, என்ட பேர் மட்டும் கிடக்கு. ஐயா, நீங்கதானே ஊருக்கு விளங்கப்படுத்தினீங்க, எண்டு சொல்றான். சோடாவ அப்படியே வைச்சிட்டு எழும்பி வந்திட்டன். எனக்கு வந்த ஆத்திரம் அவன்லயா என்னிலயா எண்டு இன்னும் தெரியல்ல.

வீட்ட வந்து படுத்த பிறகுதான் ஒண்டு நினைவு வந்துது. அண்டைக்குக் கூட்டத்தில அந்தத் தம்பி எனக்குப் பக்கத்துக் கதிரையிலதான் இருந்தவன். பின்னேரம் எண்டு சொல்லிப்போட்டு நான் அவனைப் பார்த்து, அப்படித்தானே தம்பி எண்டு கேட்டன். ஓம் ஐயா எண்டு சனத்துக்கு முன்னால சொன்னவன். தெரிஞ்சுகொண்டு சொன்னவன். நீ பார்க்கவேணும் எண்டு தங்கச்சி அதைப் போனில வீடியோ பிடிச்சு அனுப்பினவள், அந்தப் போன் வாவிக்குள்ள விழுந்து போச்சு, இனி அது உன்னட்ட மட்டும்தான் கிடக்கும். வைகாசிக் கடைசி ஞாயிறு பொதுக்கூட்டம், சபைத் தவிசாளரும் வாறார், அங்க போட்டுக் காட்டப்போறம். வினாயகமூர்த்தி சொல்றான், அவன் ஓம் எண்ட இடத்தை மட்டும் வெட்டி எடுப்பம், நீங்க பெரிய விண்ணனா எழும்பி விளங்கப்படுத்தின பகுதி வேண்டாம், சனம் சிரிக்கும் எண்டு. அவன் என்ட மானத்தைப் பார்க்கிறான், நல்ல மனுசன்.

மருமகனைக் கேட்டதாச் சொல்லு, ரெண்டு பேரும் நேரத்துக்குச் சாப்பிடுங்க, பனிக்குள்ள கவனமா நடந்து திரி. நீங்க நூறாண்டு சுகமா வாழ அம்மாவும் நானும் கும்பிடுறம். கடுதாசி கிடைச்ச உடன அந்த வீடியோவைத் தேடி எடு, மறந்திராத. ஒரு இடமும் வெட்டாம முழுசா அனுப்பு மகள். முதல்ல என்ட பிழையை ஊர் கேட்கட்டும், அப்பத்தான் அந்தத் தம்பி எந்தக் கதைக்கு ஓம் எண்டவன் எண்டு விளங்கும்.

உன்ட அப்பா
க. அழகரத்தினம்