தெறித்துப் போன ஏணி

ஞாயிறு, இரவு.

கப்பல் மாடலுக்கு முதல்முறையாகப் பித்தளைத் தகட்டுப் பாகங்கள் வாங்கியிருந்தேன். தகட்டிலிருந்து ஏணியை பிளேடால் வெட்டினேன். நகத்துண்டு அளவுதான். டேப் ஒட்டிப் பிடித்துக்கொள்ளத் தோன்றவில்லை, மடையனுக்கு. தெறித்துப் போய்விட்டது.

துடைப்பத்தை எடுத்தேன். மனைவி பிடுங்கிக்கொண்டாள். "வெளக்கு வெச்சப்பறம் வூட்டைக் கூட்டக் கூடாதுங்க."

டார்ச் அடித்துத் தவழ்ந்தும் கிடைக்கவில்லை. விடுவேனா? அடுத்த பாகமான கைப்பிடிக் கம்பியை டேப் ஒட்டி வெட்டினேன், அசையவில்லை. கப்பலில் ஒட்டியபோது சாய்ந்தது. பெயர்த்து மறுபடி ஒட்டினேன். இப்போது நேராக நிற்கிறது.

காலையில் அவள் கூட்டினால் ஏணி குப்பையோடு போய்விடும். நானே கூட்டுகிறேன் என்றேன்.

"கல்யாணமாகி இதாங்க மொதத் தடவ," என்றாள்.

துடைப்பம் என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது.