ஆறாம் மாடியிலிருந்து படி வழியாக

அன்பு மகள் சின்னுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நலம், வாய்வார்த்தைக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே நலம், அதனால் பதறாமல் மேலே படி. நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா, உன் இருமல் விட்டதா? இங்கே எல்லாம் வழக்கம்போலத்தான். பறக்கிறவர்கள் மொட்டைமாடிக் கொடியில் காலை மாட்டி அறுத்துவிட்டுப் போவதால் துணியை வீட்டுக்குள்ளேயே காயப்போடுகிறேன். காய்கறிக் கடை வரிசையில் அந்தக் கண்ணுக்குத் தெரியாத ஆள் நிற்கிறாரா என்று கையை நீட்டித் தடவிப் பார்த்துவிட்டுத்தான் நிற்க வேண்டியிருக்கிறது. எதிர்வீட்டு வங்கிக்காரர் போன வாரம் அவர் மூக்கிலேயே கையை வைத்துவிட்டார், இரண்டு பேரும் இப்போது பேசிக்கொள்வதில்லை.

பேப்பரில் வந்த என் படத்தை எல்லாரிடமும் காட்டுவதாக எழுதியிருந்தாய். நீலச்சட்டைக்காரர் என்னைத் தூக்கிக்கொண்டு பறக்கும்போது அம்மா எப்படிச் சிரிக்கிறாள் பார் என்று. அது சிரிப்பு இல்லையடி. அவரு உள்ளே இருக்காரு, அவரைத் தூக்குங்க என்று கத்திக்கொண்டிருந்தேன். அன்றைக்குப் பக்கத்து பிளாக்கில் தீப்பிடித்து, புகை எங்கள் பக்கம் வந்தது. இந்த ஊர்ப் பழக்கம் உனக்குத் தெரியும், புகை கண்டால் பால்கனியில் போய்க் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள், யாராவது பறந்து வந்து எடுத்துக்கொள்வார்கள். நான் அவர்களை உள்ளே கூப்பிடத்தான் கையை ஆட்டினேன். கை தூக்கியவளைத் தூக்குவதுதானே அவர்களுக்குத் தெரியும். பக்கவாதத்தில் கால் விழுந்த உன் அப்பா உள்ளறையில் கட்டிலிலேயே கிடந்தார், தீயணைப்புக்காரர்கள் வந்துதான் கொண்டுவந்தார்கள். அந்த நீலச்சட்டைப் பிள்ளைக்கு உன் வயதுதான் இருக்கும். சாயங்காலம் வந்து, பால்கனில ஒருத்தரும் இல்லையேன்னு போயிட்டேம்மா என்று கண் கலங்கி நின்றது, திட்ட வாய் வரவில்லை.

நீயோ ஆறாம் மாடியில் அவரை வைத்துக்கொண்டு திண்டாடாதே, நாங்கள் இருக்கும் ஊர் முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடலாம் என்கிறாய். அன்பில்தான் சொல்கிறாய், தெரியும். ஆனால் நான் அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், இவர் இந்த வீட்டில்தான் இருப்பார், வானத்தை நம்பி இல்லை, படியை நம்பி. படியைப் போய்ப் பார்த்தால் ஒரே குப்பை. செருப்பு ஸ்டாண்ட், ஓட்டை சைக்கிள், குடியிருப்போர் சங்கச் செயலாளரின் பூந்தொட்டிகள். வீடு வீடாகக் கதவைத் தட்டினேன். செயலாளர், வெண்ணெயைக் கையில வெச்சுக்கிட்டு நெய்க்கு அலையறீங்களே, இத்தனை பேர் பறக்கிற ஊர்ல யாராவது படி இறங்கப் பழகுவாங்களா என்று சிரித்தார். உங்க வெண்ணெய்க்கு எங்க வீட்டு உள்ளறை தெரியலையே சார், சாயங்காலத்துக்குள்ள தொட்டி போகலைன்னா உங்க கட்டில்ல கொண்டுவந்து வைப்பேன் என்றேன். வைப்பேன் என்று அவருக்குத் தெரியும். மூன்றாம் மாடித் தையல்காரம்மா, அப்பாவை உட்காரவைத்துத் தூக்கக் கைப்பிடி நாற்காலிக்கு அழுத்தமான பட்டை தைத்துக் கொடுத்தாள். மூலைக்கு ஒருவராக நான்கு பேர் பிடிக்க வேண்டும், திருப்பத்தில் பின்னால் இருப்பவர் குரல் கொடுக்க வேண்டும். பழகுவதற்குச் செயலாளரையே உட்காரவைத்துத் தூக்கினோம். இரண்டு மாடி இறங்குவதற்குள் வங்கிக்காரருக்கு மூச்சு வாங்குவதைப் பார்த்து, செயலாளர் தானே இறங்கி ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டார், அதிலிருந்து அவர்தான் எங்களுக்குத் தலைவர் மாதிரி. அப்பாதான் உட்கார மாட்டேன் என்று அடம். விழுந்துட்டா என்று குழறிக் குழறிக் கேட்டார். விழுந்தா நானும் சேர்ந்துதான் விழுவேன், உட்காருங்க என்றேன். உட்கார்ந்தார்.

போன புதன்கிழமை வானத்தில் இரண்டு பேர் மோதி, எங்கள் தண்ணீர்த் தொட்டி உடைந்து, மேல்சுவர் விரிசல் விட்டது. கரண்ட் போய்விட்டது, லிப்டும் நின்றது. நான் பட்டையை மாட்டுவதற்குள் நான்கு பேரும் வாசலில் நின்றார்கள், கூப்பிடவே இல்லை. ஆறு மாடியும் இறங்கும்வரை அப்பா என் கையை விடவில்லை, ஆனால் முனகவும் இல்லை. எதிர் நடைபாதையில் எல்லாரும் போய் உட்கார்ந்த பிறகுதான் நீலச்சட்டைப் பிள்ளை வந்தது. ஒவ்வொரு பால்கனியாகப் பறந்து, ஜன்னலுக்குள் தலையை விட்டு, உள்ளே யாராவது இருக்கீங்களா, இருக்கீங்களா என்று தவித்தது. எங்கள் உள்ளறை ஜன்னலைத்தான் மறுபடி மறுபடி தட்டியது. அப்போது உன் அப்பா, நோய் வந்ததிலிருந்து முழுசாக ஒரு வாக்கியம் பேசாத மனுஷன், கீழேயிருந்து தலையை நிமிர்த்திச் சத்தமாகச் சொன்னார். தம்பி, நாங்க எல்லாரும் இங்க இருக்கோம், நீ பத்திரமா இறங்கி வா.

இல்லத்தில் இடம் கேட்டு வைத்திருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடு. நீ குடியிருப்பது பதினோராம் மாடி, உன் கட்டடத்தில் படி எந்தப் பக்கம் என்று கேட்டால் உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும் உன்னை. மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஒருமுறை இறங்கிப் பார்த்துவிட்டு எனக்கு எழுது, மறக்காதே. இருவரும் நோய்நொடி இல்லாமல், மனம் ஒத்து நீடூழி வாழ எங்கள் ஆசி.

இப்படிக்கு,
உன் அம்மா