செய்தியில் வந்த கறிக்கடை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். உன் இருமல் விட்டதா?

நீ எனக்குச் செய்தது தப்பு. சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. ஆட்டு நோய்ச் செய்தியை நீ டி.வி.யில் வாசித்தபோது உன் முதுகுக்குப் பின்னால் ஓடியது நம் கறிக்கடை. பன்னிரண்டு விநாடி. கடைக்குப் புது வண்ணம் அடித்த அன்று நீயே எடுத்த படம் அது. நீலக் கதவு, கத்தி தீட்டும் நான், எல்லாம் அப்படியே. யாரோ தேடி எடுத்துப் போட்டுவிட்டார்கள் என்பாய். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தப் படத்தை அவர்களிடம் கொடுத்தது யார்?

நோய் வந்த பண்ணை இங்கிருந்து ஒரு நாள் ரயில் தூரம். மனிதருக்கு அது தொற்றாது என்று கடைசி வரியில் சொன்னாய். அதற்குள் ஊரே டி.வி.யை அணைத்துவிட்டது.

மறுநாள் எதிர்க்கடைத் தையற்காரர் வந்தார். "அண்ணே, டி.வி.லயே வந்துட்டீங்க, இனிமே நாங்கல்லாம் கண்ணுக்குத் தெரிவோமா?" என்றார். சிரித்தேன். கறி வாங்காமல் போனார்.

மூன்று வாரமாகக் கடை தண்ணீருக்குள் கிடப்பது போல இருக்கிறது. கண்ணாடிக்கு வெளியே ஜனங்கள் மீன்கள் மாதிரி வருகிறார்கள், ஒரு பக்கக் கண்ணால் பார்க்கிறார்கள், திரும்பி நழுவுகிறார்கள். காலிக் கொக்கிகள் மெல்ல ஆடுகின்றன. வெயில் வெட்டுக்கட்டை மேல் ஏறி, சுவரைத் தொட்டு, இறங்கிப் போகிறது. வியாபாரம் இல்லாதவன் ஈ ஓட்டுகிறான் என்பார்கள். எனக்கு ஓட்ட ஈயும் இல்லை. நேற்று மதியம் உட்கார்ந்தபடியே கண் அயர்ந்தேன். வாசலில் பழைய வரிசை நீளமாக நிற்கிறது. என்ன வேண்டும் என்று கேட்கிறேன். ஒவ்வொருவரும் வாயைத் திறக்க, உன் குரல் வருகிறது. எல்லோரும் செய்தி வாசிக்கிறார்கள்.

நான் பள்ளிக்கூடம் போகாதவன். கறி மடிக்க வாங்கிய செய்தித்தாளில்தான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். இன்றைக்கும் படித்துவிட்டுத்தான் மடிப்பேன். அந்தப் பழக்கத்தால் என் பக்கமும் ஒரு பிழை. இரண்டாம் நாள் மருந்துக்கடைக்காரர் மனைவி மட்டும் தைரியமாக வந்து அரைக் கிலோ கேட்டாள். அன்றைய தாளைப் படித்துக்கொண்டிருந்தவன், கையில் இருந்ததிலேயே மடித்துக் கொடுத்துவிட்டேன். அரை மணியில் பொட்டலம் திரும்பி வந்தது. கட்டிய நூல் அவிழவில்லை. மேலே கொட்டை எழுத்தில் நோய்ச் செய்தி. "எனக்கே படிச்சுக் காட்டுறீங்களா மாமா?" என்றாள். அம்மாவிடம் இதைச் சொல்லாதே.

ஊர் வாங்காததைத் தாங்கிக்கொள்வேன். போன ஞாயிற்றுக்கிழமை அம்மா போனில், இன்றைக்கு என்ன சமையல் என்று மாப்பிள்ளையைக் கேட்டாள். "கறியா? உங்க பொண்ணு வாங்கவே விடமாட்டேங்குறா அத்தை, மூணு வாரமாச்சு" என்றார். அவர் வெகுளி, அவரைத் திட்டாதே. அம்மா போனை வைத்துவிட்டாள்.

அப்படியானால் அந்தக் கடைசி வரியை நீ நம்பாமலா வாசித்தாய்? ஊர் நம்பாவிட்டால் அது வியாபாரம். நீ நம்பாவிட்டால் அதற்கு என்ன பெயர் என்று எனக்கு எழுத்துக் கூட்ட வரவில்லை.

இனி நடக்க வேண்டியது இது. உன் அலுவலகம் அந்தப் படத்தை எடுத்துவிட வேண்டும். கால்நடை மருத்துவர் கேமரா முன் நின்று உன் கடைசி வரியை முதல் வரியாகச் சொல்ல வேண்டும். கறி மடிக்க நான் வெள்ளைத்தாள் வாங்க வேண்டும், வாங்கிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா அடுப்பு மூட்டுவாள். உனக்குப் பிடித்தபடி எலும்பில்லாமல், சின்னச் சின்னதாக நான் வெட்டித் தர வேண்டும். மாப்பிள்ளை உன்னை ரயிலேற்றிவிட வேண்டும். கடைக்குள், கண்ணாடி ஓரமாக, தெரு பார்க்க நீ உட்கார்ந்து சாப்பிட வேண்டும். நீ நன்றாக இருக்க வேண்டும். பசியோடு வர வேண்டும்.

அப்பா